உரிந்த பெயின்ட்டின் பின்பக்கம்: ஒரு புல்வெட்டி டெக்கிற்கு மறுபடியும் பிரைமர் பூசிய பதிவு

கையால் தள்ளிச் செல்லும் பெட்ரோல் புல்வெட்டி ஒன்றின் இரும்பு டெக்கிற்கு, அதாவது கத்தி சுழலும் இடத்தைக் கவிழ்த்த சட்டி போல மூடியிருக்கும் தகட்டுக் கூட்டிற்கு, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நானே துரு சுரண்டி, பிரைமர் (பெயின்ட்டுக்கு அடியில் இடும் முதல் பூச்சு) பூசி, பச்சை எனாமல் அடித்திருந்தேன். அடித்த அன்று புத்தம்புதிது போலப் பளபளத்த அந்தப் பூச்சு, முதல் மழைக்காலம் முடிவதற்குள் கொப்பளிக்கத் தொடங்கி, இரண்டாவது ஆண்டில் விரல் நகத்தால் நெம்பினாலே வெங்காயச் சருகு போல உரிந்து வந்தது. மறுபடியும் அடிப்பதென்று முடிவு செய்தபோது, உரிந்த சில்லுகளைத் துடைத்துத் தள்ளிவிடாமல் ஒவ்வொன்றையும் எடுத்த இடத்தின் பெயரை எழுதிய தாளில் ஒட்டி, அவற்றின் பின்பக்கத்தைப் பார்த்தேன். இந்தப் பதிவின் பாதி அந்தச் சில்லுகள் சொன்னதுதான்.

இன்ஜினைச் சுற்றி மேல்தகட்டில் உரிந்த சில்லின் பின்பக்கம் வழவழப்பான சாம்பல் நிறப் பிரைமராக இருந்தது; அதன் கீழிருந்த இரும்பிலோ துரு சிறிதும் இல்லை, உப்புத்தாள் தேய்த்த கோடுகள்கூட அப்படியே தெரிந்தன. அப்படியானால் பிரைமர் இரும்பைப் பிடிக்கவே இல்லை என்று பொருள். கீழ் விளிம்பில் உரிந்தவற்றின் பின்பக்கம் முழுவதும் விரலில் ஒட்டும் செந்துருத் தூள் இருந்தது. அங்கே பூச்சு முதலில் பிடித்துத்தான் இருந்திருக்கிறது, பின்னர் விளிம்பின் வழியாக ஈரம் புகுந்து துரு அடியிலிருந்து அதைத் தூக்கிவிட்டது. கைப்பிடியைத் தாங்கும் துத்தநாகம் பூசிய தகட்டில் பெயின்ட் ஸ்டிக்கர் போல முழுத்துண்டாகக் கழன்று வந்தது. டெக்கின் உட்புறத்தில் ஒப்பிட்டுப் பார்க்கச் சில்லே மிஞ்சவில்லை. ஒரே டப்பா, ஒரே நாள், ஒரே கை என்றாலும் நான்கு இடங்களில் நான்கு வகையான தோல்வி.

முதல் சில்லுக்கான காரணம் எனக்கு உடனே விளங்கியது. சென்ற முறை நான் முதலில் உப்புத்தாள் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் பிசுக்கைத் துடைத்தேன், அதுவும் பெட்ரோல் நனைத்த பழந்துணியால். எண்ணெய் படிந்த தகட்டைத் தேய்க்கும்போது உப்புத்தாள் எண்ணெயை அகற்றுவதில்லை, தான் கீறும் ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் அதை அழுத்தி வைக்கிறது. பெட்ரோல் ஆவியாகும்போது தன்னில் கரைந்திருந்த எண்ணெயை மெல்லிய படலமாக அங்கேயே விட்டுச் செல்கிறது. தீப்பற்றும் அபாயம் தனி. ஆகவே இம்முறை பிசுக்கு எடுப்பதை முதல் வேலையாகவும், உப்புத்தாளுக்குப் பிறகு இன்னொரு முறையும் வைத்துக்கொண்டேன்.

பிரிக்கும் வேலையை அதிகம் விவரிக்கத் தேவையில்லை. முதலில் ஸ்பார்க் பிளக்கின் ஒயரைக் கழற்றி, தானாக மறுபடி தொட்டுவிடாதபடி ஒதுக்கிக் கட்டினேன். கத்தியைக் கையால் சுழற்றும்போது இன்ஜின் ஒரு சுற்றுச் சுற்றினாலும் விரல் போய்விடும் என்பதால் இந்த ஒரு வரிசையை மட்டும் யாரும் மாற்றக் கூடாது. பெட்ரோலை வடித்த பிறகு, காற்று வடிகட்டி மேற்புறம் இருக்குமாறு இயந்திரத்தைச் சாய்த்தேன். எதிர்ப்பக்கம் சாய்த்தால் இன்ஜின் ஆயில் கார்புரேட்டருக்கும் வடிகட்டிக்கும் இறங்கிவிடும். கத்திக்கும் டெக்கிற்கும் இடையே மரக்கட்டை முட்டுக்கொடுத்து நடு போல்ட்டைக் கழற்றினேன். சென்ற முறை இன்ஜினைக் கழற்றாமல் செய்தித்தாள் சுற்றி அடித்திருந்தேன், மிக மோசமாக உரிந்ததும் அந்தச் சுற்றுப்பகுதிதான். இம்முறை இன்ஜின், சக்கரங்கள், கேபிள்கள் அனைத்தையும் இறக்கி, போல்ட்டுகளை இடவாரியாகப் பைகளில் போட்டேன்.

உட்புறத்தில் காய்ந்த புல் விரற்கடை கனத்துக்கு அட்டை போல் படிந்திருந்தது. அதை மரச்சுரண்டியால் எடுத்த பிறகு, துரு கூடிய இடங்களை ஸ்க்ரூ டிரைவரின் முனையால் குத்தியும் அதன் பிடியால் தட்டியும் பார்த்தேன். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். மெலிந்த தகடு மொத்தென்று ஒலிக்கும். புல்வெட்டிக் கத்தியின் முனை நொடிக்கு 90 மீட்டர் அளவிலான வேகத்தில்கூடச் செல்லக்கூடியது. அந்த வேகத்தில் எறியப்படும் கல்லைத் தடுப்பது இந்தத் தகடுதான். ஆகவே குத்திய முனை உள்ளே இறங்கினால், குறிப்பாக இன்ஜின் அமரும் இடத்தில் இறங்கினால், அங்கே வெல்டிங் அல்லது வேறு டெக் தேவை. பெயின்ட் அடிப்பது ஓட்டையை மறைப்பதாகவே முடியும். என்னுடையதில் புல் வெளியேறும் வாயின் அருகே குழிகள் இருந்தனவே தவிர, எங்கும் முனை இறங்கவில்லை.

முதல் நாள் முழுவதும் கழுவலிலேயே போயிற்று. பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த வெந்நீரால் தேய்த்துக் கழுவி, நல்ல நீரில் அலசி, காயவிட்டேன். பிறகு மினரல் டர்பன்டைன் நனைத்த ஒரு வெள்ளைத் துணியால் ஒரு கை அகலத்துக்குத் துடைத்து, அது ஆவியாகும் முன்பே உலர்ந்த இன்னொரு வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்தேன். இரண்டாவது துணிதான் வேலையைச் செய்வது. முதல் துணி எண்ணெயைக் கரைத்து இளக்குகிறது, அவ்வளவே. ஒரே துணியால் முழுத்தகட்டையும் துடைத்தால் எண்ணெய் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகுமேயன்றி வெளியேறாது. துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை மாற்றிக்கொண்டிருந்ததில் ஒரு பழைய வேட்டி தீர்ந்துவிட்டது. பெயின்ட்டும் எண்ணெயும் தோய்ந்த இத்தகைய துணிகளைக் குவித்துப் போடாமல் வெளியில் விரித்துக் காயவிட வேண்டும். உலரும் எண்ணெய்கள் குவியலுக்குள் தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும்.

அடுத்து துரு. கிரைண்டரில் பொருத்தும் கம்பிக் கிண்ணப் பிரஷ்ஷைச் சென்ற முறை பெரிதும் நம்பியிருந்தேன். அது உதிர்துருவை வேகமாக எடுக்கிறது, ஆனால் அழுத்தமான துருவை எடுக்காமல் மெருகேற்றிவிடுகிறது. கருமையாகப் பளபளக்கும் அந்த இடம் பார்வைக்குச் சுத்தமான இரும்பு போலவே தோன்றும். 80 எண் உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்தால் பழுப்புத் தூள் கிளம்பும். ஆகவே இம்முறை பிரஷ் உதிரக்கூடியதற்கு மட்டும், அதன்பின் 80 எண் தாள், முடிவில் 120 என்று வைத்துக்கொண்டேன். பழைய பெயின்ட் உறுதியாகப் பிடித்திருந்த இடங்களை விட்டுவைத்து, அதன் ஓரத்தை மட்டும் 180, 320 என்று ஏறி, விரலால் தடவினால் படி தெரியாத அளவுக்குச் சரித்தேன். முகக்கவசமும் முழுமூடிக் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையைத் தொடக் கூடாது. பிரஷ்ஷிலிருந்து கழன்று பறக்கும் கம்பி ஊசியைப் போலக் குத்தும். மிகப் பழைய இயந்திரமாக இருந்தால் பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், முதலில் சோதித்துவிட்டு, உலர்வாகத் தேய்ப்பதைத் தவிர்ப்பதே முறை.

குழிகளுக்குள் மிஞ்சியிருந்த கரும்புள்ளிகளை எந்தத் தாளாலும் எட்ட முடியவில்லை. அங்கே மட்டும் பாஸ்பாரிக் அமிலம் கொண்ட துரு நீக்கியைத் தூரிகையால் தொட்டு வைத்தேன். அது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றிச் சாம்பல் படிந்த கருமையைத் தருகிறது. இதில் பலரும் செய்யும் தவறு, அமிலத்தை அப்படியே காயவிட்டு மேலே பெயின்ட் அடிப்பதாகும். கழுவத் தேவையில்லை என்று டப்பாவிலேயே எழுதியிருந்தால் ஒழிய, எஞ்சிய அமிலத்தைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். இல்லையேல் அது பூச்சுக்கு அடியில் ஈரத்தை இழுத்துக் கொப்புளம் எழுப்பும். கழுவியவுடன் ஹாட் ஏர் கன்னால் காயவைத்தேன்.

சக்கரத்தின் உயரத்தை மாற்றும் சிறிய இரும்புத் தகடுகளை, சலவைச் சோடா கரைத்த பிளாஸ்டிக் வாளியில் 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையோடு இணைத்துத் தொங்கவிட்டு, நேர்முனையில் வேண்டாத இரும்புத் துண்டு ஒன்றை வைத்து இரவெல்லாம் மின்னாற்பகுப்பில் விட்டேன்; காலையில் துரு கருஞ்சேறாகத் துடைத்தால் போகும் நிலைக்கு வந்திருந்தது. நேர்முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை வைத்தால் நச்சுத்தன்மையுள்ள குரோமியம் சேர்மங்கள் நீரில் கலக்கும் என்பதால் அதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். ஹைட்ரஜன் வெளியாவதால் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். அலுமினியப் பாகங்களை இந்தக் கரைசலே அரித்துவிடும். ஸ்பிரிங்குகளை இதிலும் போடவில்லை, அமிலத்திலும் போடவில்லை. கெட்டிப்படுத்திய எஃகு ஹைட்ரஜனை உறிஞ்சினால் நொறுங்கும் தன்மை பெற்றுவிடும்.

இரண்டாவது சில்லுக்கு, அதாவது விளிம்பில் துருவோடு உரிந்ததற்கு, மருந்து அரத்தில் இருந்தது. ஈரமான பெயின்ட் கூர்மையான விளிம்பில் நிற்காது. பரப்பு இழுவிசையால் இருபுறமும் விலகி, விளிம்பின் உச்சியில் மிக மெல்லிய படலத்தையே விட்டுவைக்கும். தட்டையான இடத்தில் எத்தனை கோட்டு (பூச்சு அடுக்கு) அடித்திருந்தாலும், விளிம்பில் நிற்பது அதில் ஒரு பங்குதான். ஆகவே டெக்கின் கீழ் விளிம்பு முழுவதையும், போல்ட் துளைகளின் வாய்களையும் அரத்தால் மழுக்கி, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டினேன். சலிப்பூட்டும் வேலை, ஆனால் மறுபடி ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்யலாம் என்று யாராவது என்னிடம் சொன்னால், இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

இங்கே நான் மறுபடியும் ஒரு தவறு செய்தேன். இரண்டாம் நாள் மாலைக்குள் வெற்று இரும்பு முழுவதும் வெள்ளி போல மின்னியது, நானும் மகிழ்ச்சியோடு துணி போர்த்திவிட்டுப் படுத்தேன். இரவில் மழை. காலையில் துணியை விலக்கினால், தகடெங்கும் தேநீர்க் கறை போல இளம்பழுப்பு படர்ந்திருந்தது. தேய்த்த இரும்பு ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே இப்படி மேல்துரு கொள்ளும். பெயின்ட் வேலைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவுகள் இரண்டு: காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், தகட்டின் வெப்பநிலை பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு) மேல் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். இரண்டாவது அளவுதான் பலருக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத வியர்வை தகட்டில் படிவதை அது தடுக்கிறது. மழை நின்று வெயில் ஏறும்வரை ஒரு நாள் காத்திருந்து, 120 எண் தாளை மறுபடியும் போட்டேன். இனி எந்த வேலையிலும் கடைசி உப்புத்தாளைப் பிரைமர் பூசும் அன்று காலையில்தான் எடுப்பது என்று குறித்துக்கொண்டேன்.

பூசுவதற்கு முன் தகட்டில் நீர் தெளித்துப் பார்த்தேன். சுத்தமான இரும்பில் நீர் ஒரே படலமாகப் பரவி நிற்கும். பிசுக்கு இருந்தால் தாமரை இலையில் போல முத்துமுத்தாகப் பிரியும். ஆயில் ஊற்றும் வாய் இருந்த பக்கத்தில் நீர் பிரிந்தது. மூன்று முறை டர்பன்டைனால் துடைத்ததாக நான் நினைத்திருந்த அதே இடம், முதல் சில்லு உரிந்த இடமும் அதுவே. மறுபடி துடைத்து, தேய்த்து, மறுபடி துடைத்த பிறகு நீர் பரவியது. உடனே சூடான காற்றால் உலர்த்தி, அதன்பின் கையுறை இல்லாமல் தகட்டைத் தொடவில்லை. விரல் ரேகையின் உப்பும் எண்ணெயும்கூடப் பூச்சுக்கு அடியில் தங்கிவிடும்.

பிரைமரைத் தேர்ந்தெடுப்பதில் நிறைய யோசித்தேன். ரெட் ஆக்சைடு எங்கும் கிடைப்பது, பூசுவதும் எளிது. ஆனால் அதன் நிறமும் துருவின் நிறமும் ஒன்றாக இருப்பதால், பின்னால் கீறல் விழும்போது எது பிரைமர், எது துரு என்று பிரித்தறிய முடிவதில்லை. இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமர் பிடிப்பிலும் நீர் தடுப்பிலும் மிகச் சிறந்தது. ஆயினும் கலந்தபின் குறித்த நேரத்துக்குள் தீர்க்க வேண்டியிருப்பதாலும், கலவை தோலில் பட்டுப்பட்டு ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது என்பதாலும், ஒரே ஒரு டெக்கிற்கு அது மிகை என்று கருதினேன். துருத்தடுப்புக்கு துத்தநாகப் பாஸ்பேட் சேர்த்த சாம்பல் நிற ஆல்கைடு (எண்ணெய் சேர்ந்த செயற்கைப் பிசின்) பிரைமரையும், அதே தயாரிப்பாளர் அதற்கென்றே பரிந்துரைக்கும் எனாமலையும் எடுத்தேன். இவற்றை வெவ்வேறு தயாரிப்பாளர்களிடமிருந்து கலந்து வாங்குவதை நான் இப்போது நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது சில்லு இங்கேதான் புதிரை அவிழ்த்தது. ஆல்கைடு பெயின்ட்டைத் துத்தநாகத்தின் மேல் நேரடியாக அடித்தால், ஈரத்தின் முன்னிலையில் துத்தநாகம் பிசினோடு வினைபுரிந்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் சோப்பு போன்ற ஒரு படலத்தை உண்டாக்குகிறது. சில மாதங்களில் பிடிப்பு போய்விடும். முழுத்துண்டாகக் கழன்றதன் காரணம் அதுவே. ஆகவே கைப்பிடித் தகடுகளைத் துத்தநாகமே போய்விடும் அளவுக்குத் தேய்த்தெடுக்காமல் லேசாகச் சொரசொரப்பாக்கி, துத்தநாகத்திற்கும் அலுமினியத்திற்கும் ஏற்றது என்று குறிப்பிட்டிருந்த எட்ச் பிரைமரை, அதாவது உலோகப் பரப்பை அமிலத்தால் லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் பிரைமரை, ஒரே ஒரு மெல்லிய கோட்டாக அடித்தேன். எட்ச் பிரைமரைக் கனமாக அடிப்பதும், அதன் மேல் நீர் விட்டுத் தேய்ப்பதும் தவறு. எபாக்சியை அதன் மேல் அடிப்பதும் பெரும்பாலும் ஒத்துவராது.

டெக்கில் முதல் கோட்டைத் தூரிகையால் விளிம்புகள், ஸ்பாட் வெல்டிங் இணைப்புகள், குழிகள் ஆகியவற்றில் மட்டும் கீறித் தேய்த்துப் பூசினேன். தூரிகையின் மயிர் பிரைமரைக் குழிக்குள் தள்ளும், ஸ்பிரேயால் அது முடியாது. அது தொடும் அளவுக்கு உலர்ந்தபின் முழுப்பரப்பிற்கும் ஸ்பிரேயால் இரண்டு கோட்டு. பிரைமர் நுண்துளைகள் கொண்டது. வாரக்கணக்கில் வெறும் பிரைமரோடு வெளியில் நிறுத்தினால் ஈரம் அதனூடே இறங்கிவிடும். இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்த இடுக்குகளில் பிரைமருக்குப் பிறகு பாலியூரித்தேன் சீலரை விரலால் அழுத்தி நிரப்பினேன். மறுநாள் 400 எண் தாளால் மேலோட்டமாகத் தடவி, இரும்பு எட்டிப் பார்த்த இரண்டு இடங்களில் மறுபடி பிரைமர் தொட்டேன்.

எதற்குப் பெயின்ட் கூடாது என்பதும் முக்கியம். இன்ஜின் அமரும் பரப்பையும் போல்ட் தலைகள் அமரும் இடங்களையும் பிரைமரோடு நிறுத்தி, எனாமல் படாமல் டேப் ஒட்டினேன்; கனமான பெயின்ட் அழுத்தத்தில் நசுங்கும்போது போல்ட் தளர்ந்துவிடும். இன்ஜினை நிறுத்தும் ஒயரின் எர்த் தொடும் புள்ளி வெற்று இரும்பாகவே இருக்க வேண்டும். கத்தியையும் அடிக்கவில்லை. எச்சரிக்கை ஸ்டிக்கர்களை மூடி வைத்தேன். சைலன்சருக்குச் சாதாரண எனாமல் கருகிவிடும் என்பதால் அதைத் தொடவே இல்லை.

எனாமல் டப்பாவை வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் நிறுத்தி, உள்ளே குண்டு உருளும் ஓசை கேட்ட பிறகும் இரண்டு நிமிடம் குலுக்கினேன். தகட்டிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி, தகட்டுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி வெளியே சென்று விட்டு, ஒவ்வோர் இழுப்பும் முந்தியதன் பாதியை மூடுமாறு அடித்தேன். முதல் கோட்டு பனி படர்ந்தது போல மட்டும்; அடியில் சாம்பல் தெரிய வேண்டும். பத்து நிமிடத்துக்குப் பின் இரண்டாவது, மேலும் பத்து நிமிடத்தில் மூன்றாவது. அத்துடன் நிறுத்தியிருக்க வேண்டும். ஐந்து மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது பின்மூலை சற்று மெல்லிதாகத் தோன்றவே, ஆசையில் இன்னொரு கோட்டு கொடுத்தேன். கண்ணெதிரே அந்த இடம் முதலைத்தோல் போலச் சுருங்கிக்கொண்டது. ஒரு மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும், இல்லையேல் 48 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்று டப்பாவிலேயே எழுதியிருந்தது. இடைப்பட்ட நேரத்தில் மேல்தோல் இறுகி உள்ளே இளகியிருக்கும் பூச்சைப் புதிய கோட்டின் தின்னர் ஊறிப் பெருகச் செய்து சுருட்டிவிடுகிறது. நான்கு நாள் காயவிட்டு, சுருங்கிய பகுதியைப் பிரைமர் வரை தேய்த்தெடுத்து மறுபடி அடித்தேன். உற்றுப் பார்த்தால் இன்றும் அந்த எல்லைக்கோடு தெரியும்.

உட்புறத்தைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை எதுவும் இல்லை. மணலும் கல்லும் இடைவிடாமல் மோதும் அந்த இடத்தில் எந்த எனாமலும் நீண்ட காலம் நிற்காது. இருந்தும் மூன்று மெல்லிய கோட்டு கொடுத்தேன். கார்களின் அடியில் அடிக்கும் ரப்பர் போன்ற கனமான பூச்சைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. ஒரு கீறல் விழுந்ததும் ஈரம் அதன் அடியில் ஊர்ந்து, மேலே ஒன்றும் தெரியாமலேயே தகடு கரைந்துபோகும் என்பதால் நான் அதை விரும்பவில்லை. மெல்லிய பூச்சு போனால் போனது கண்ணுக்குத் தெரியும், அங்கே மட்டும் தொட்டுவிடலாம்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்கும் உள்ளே இறுகிவிட்டது என்பதற்கும் ஒரு வார இடைவெளி உண்டு. ஏழு நாள் நிழலில் விட்ட பிறகு, கைப்பிடித் தகடு மறைக்கும் ஒரு மூலையில் பிளேடால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடும், குறுக்கே ஆறு கோடுமாக இரும்பு வரை கீறி, அந்த 25 கட்டங்களின் மேல் டேப் ஒட்டி இழுத்துப் பார்த்தேன். ஒரு கட்டத்தின் மூலை மட்டும் பெயர்ந்தது. கீறலைப் பிரைமரும் எனாமலும் தொட்டு மூடிவிட்டு இன்ஜினை ஏற்றினேன். முதல் முறை ஓட்டிய பிறகு எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி முறுக்கினேன். பெட்ரோல் ஊற்றும்போது சிந்தும் துளியை இந்த வகை எனாமல் நெடுநேரம் தாங்காது என்பதால், ஊற்றும் வாயைச் சுற்றி ஒரு துணி சுற்றிக்கொள்வது இப்போது பழக்கமாகியிருக்கிறது.

அதன்பின் எட்டு முறை புல் வெட்டியாயிற்று. ஒவ்வொரு முறையும் பிளக் ஒயரைக் கழற்றி, உட்புறப் புல்லை ஈரம் காயும் முன்பே மரச்சுரண்டியால் எடுத்துவிடுகிறேன். உட்புறத்தில் கத்தி முனை சுற்றும் வளையத்தில் பச்சை ஏற்கெனவே மங்கிச் சாம்பல் தெரிகிறது. மேற்புறத்தில் ஒரே ஒரு சேதம்: புல் வெளியேறும் வாயின் உதட்டில் கல் தெறித்து, நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு போயிற்று. சில்லைத் தேடி எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பச்சையாகவே இருந்தது. சாம்பல் பிரைமர் முழுவதும் இரும்போடு தங்கிவிட்டது. சுற்றிலும் 320 எண் தாளால் சரித்து, டர்பன்டைனால் துடைத்து, அன்று மாலையே பச்சை தொட்டு வைத்தேன்.